மாமாவுக்கு நான் சொல்லாத தேதி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். தினமும் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இப்போது எதற்குக் கடிதம் என்று உறையைப் பார்த்ததும் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் இல்லை. போனில் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "விடும்மா, பரவாயில்ல" என்று சொல்லிவிடுவாய், நானும் அதையே சாக்காக வைத்து விட்டுவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வருகிறது, பொறுத்துக்கொள்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு பார்வை தெளிவாகிவிட்டது. நல்லதுதான், ஆனால் வீட்டில் இத்தனை நாள் இருந்த ஒட்டடையெல்லாம் இப்போதுதான் அவர் கண்ணில் படுகிறது, "இது எப்ப வந்துச்சு?" என்று என்னைக் கேட்கிறார். மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகிக்கொண்டே இருந்தது, குழாய்க்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்துக் கடைசியில் வந்து சரிசெய்துவிட்டார். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தை பகலில் தூங்குகிறது என்பதற்காகத் தெருவே குரலைத் தாழ்த்திப் பேசுகிறது, அப்பா ஸ்கூட்டரை முனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருகிறார். நீ வாங்கி அனுப்பிய பெரிய டிவி கூடத்துச் சுவரில் அப்படியே இருக்கிறது. நாங்கள் அதைப் போட்டுச் சில வாரங்கள் ஆகின்றன. ரிப்பேர் இல்லை. போட மனசு வரவில்லை.

போன வாரம் நீ கேட்டாய், மாமா ஏன் என் மெசேஜுக்குப் பதிலே போடுவதில்லை, ஏதாவது கோபமா என்று. நான் "அவனுக்கு வேலையா இருக்கும்" என்றேன். அது பொய். அவனுக்கு இப்போது வேலையே இல்லை. உனக்குப் பதில் போடாமல் இருப்பதற்குக் காரணம் நீ இல்லை, நான். அதை ஒழுங்காக முதலிலிருந்து சொல்கிறேன். வகுப்பில் ஒரு கணக்கை நடுவிலிருந்து ஆரம்பித்தால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள், நான் குழம்பாமல் இருக்கவும் இதுதான் வழி.

உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரு நாள் நீ வேலை முடிந்து திரும்புகிற வழியிலேயே என்னைக் கூப்பிட்டாய். எந்தப் படம் எந்தத் தேதியில் வீட்டுத் திரைகளுக்கு வரவேண்டும் என்று அட்டவணை போடுகிற பிரிவுக்கு உன்னை மாற்றிய புதிது. எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த அந்தப் படம், தியேட்டரில் வெளியாகிற அதே வெள்ளிக்கிழமையே உங்கள் கம்பெனியிலும் வரப்போகிறது, அந்தத் தேதியைப் போட்டதே நான்தான் என்று மூச்சு வாங்கச் சொன்னாய். "ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் வெளிய சொல்வாங்கம்மா. அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயத் திறக்காத, என் வேலையே போயிரும்" என்றாய். நான் உன்னைவிடச் சந்தோஷப்பட்டேன். நானும் அட்டவணை போட்டவள்தானே. எந்த வாத்தியாருக்கு எந்த வகுப்பு, எந்த மணி என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டு ஒட்டினால் ஒரு பள்ளிக்கூடமே அதன்படி எழுந்து நடக்கும். என் மகள் கோடு போட்டால் ஊர் ஊராக டிவி முன்னால் உட்காருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்வதில்லை என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன்.

என் வாக்கில் எனக்கு நம்பிக்கை இருந்தது. நீ என் வகுப்பிலேயே படித்த வருஷம், அரைப்பரீட்சைக் கணக்குத் தாள் நம் வீட்டு இரும்பு அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்தது. நீ அந்த அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்துதான் படித்தாய். வடிவியலைத் தொடாமல் வேறு எதையோ உருட்டிக்கொண்டிருந்தாய். வடிவியலில்தான் நிறையக் கேள்வி என்று எனக்குத் தெரியும், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. குறைந்த மார்க்கை வாங்கிக்கொண்டு வந்து "கொஞ்சம் கோடி காட்டியிருக்கலாமேம்மா" என்று நீ அழுதபோது எனக்குப் பாவமாக இருந்தது, உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. ரகசியம் காப்பது என்றால் எனக்குத் தெரிந்தது இதுதான். பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லக்கூடாது. அந்தப் பழக்கத்தோடுதான் உன் தேதியையும் பூட்டி வைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் உன் மாமா ஒரு துணிப்பையோடு வந்தான். உள்ளே துண்டு துண்டாக சோபாத் துணி. உட்காரும் முன்பே மேஜைமேல் பரப்பிவிட்டு, "சொல்லுக்கா, நீலமா சிவப்பா? உன் தம்பி பொண்டாட்டி பச்சைங்கறா. தியேட்டர் சீட்டுக்குப் பச்சை போட்டா படம் பாக்க வந்தவன் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோமோன்னு எழுந்து ஓடிருவான்" என்றான். எதற்குடா இப்போது சீட்டுத் துணி என்று கேட்டேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. அந்தப் படத்தைத் தியேட்டரில் ஓட்ட எடுத்திருக்கிறேன் என்றான். வெகு நாளாகத் தன் தியேட்டரில் பழைய படங்களையே மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தவன், அதனால்தான் நீயும் அவனை இதோடு சேர்த்து யோசித்திருக்க மாட்டாய். புது ஸ்பீக்கர், புதுத் துணி, சுவருக்கு வெள்ளை, எல்லாம் இந்த ஒரு படத்துக்காக. "நாலு வாரத்துக்கு வேற எங்கயும் வராதுக்கா, தியேட்டர்ல மட்டும்தான்னு விநியோகஸ்தர் அடிச்சுச் சொல்லிட்டார். குடோனுக்கு இடம் கேட்டு ஒரு கம்பெனிக்காரங்க நடையா நடந்தாங்க, வீட்டுக்கு வீடு பொட்டலம் கொண்டுபோய்க் குடுக்கறாங்களே, அவங்க. போய்ட்டு அப்புறமா வாங்கன்னு அனுப்பிட்டேன். இந்தப் படம் ஒண்ணு நின்னுடுச்சுன்னா நான் பொழைச்சுக்குவேன்" என்றான்.

உனக்குத் தெரிந்தது பாதி விஷயம்தான். விநியோகஸ்தர் சொன்னது அவனுக்குத் தெரிந்த பாதி. இரண்டு பாதியும் ஒரே மேஜைமேல், என் கைக்குக் கீழே இருந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? துணியைத் தடவிப் பார்த்தேன். "சிவப்பு சீக்கிரம் வெளுக்கும். நீலத்துல அழுக்கும் தெரியாது, நீலமே போடு" என்றேன். அவனும் "அக்கா சொன்னா சரிதான்" என்று சிவப்பையும் பச்சையையும் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான். உன் பெயரைச் சொல்லாமல், காரணமும் சொல்லாமல், "இப்ப எந்தத் துணியும் வேணாம்டா, கொஞ்சம் பொறு" என்று சொல்லியிருந்தாலே போதும், ஏன் என்று கேட்காமல் பொறுத்திருப்பான். சின்ன வயதிலிருந்து என் பேச்சை அவன் அப்படித்தான் கேட்டிருக்கிறான். உன் வேலைக்கும் ஒன்றும் வந்திருக்காது. இது எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவன் வாசல் தாண்டுவதற்குள் தோன்றிவிட்டது. கூப்பிடவில்லை. கேள்வித்தாளைக் காப்பாற்றுகிறோம் என்று நின்றேன். கேள்வித்தாள் வெளியே போனால் ஒரு வகுப்பே அநியாயமாக ஏமாறும். இந்தச் செய்தி உன் மாமா காதுக்குப் போயிருந்தால் யார் ஏமாந்திருப்பார்கள்? யாருமில்லை. போகாததால் ஒருவன் ஏமாந்தான்.

இதில் மாமாவின் தொழிலை நான் சரியாகப் புரிந்துகொள்ளாததும் ஒரு காரணம். இப்போதுதான் யோசித்துப் புரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப்போடுகிற காலம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் பலகையைப் பார்த்தாக வேண்டும், பின்வரிசைக்காரன் எழுந்து முன்னால் வந்தாவது பார்க்க வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு தாள் அச்சடித்துக் கையில் கொடுத்தோம். கேள்விகள் அதே கேள்விகள்தான், பலகையும் அதே இடத்தில்தான் இருந்தது, ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உன் மாமா விற்றது அந்த முதல் நாலு வாரத்தை. இங்கே வந்தால்தான் இப்போது பார்க்கலாம், இல்லாவிட்டால் காத்திரு என்பதுதான் அவன் சரக்கு. காத்திருக்கவே வேண்டாம் என்று ஆகிவிட்டால் புது ஸ்பீக்கரும் நீலத் துணியும் என்ன செய்யும்? இதை உன்மேல் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்ட கடையை மூடியபோது, "நாலு பேரு வீட்ல குந்திக்கிட்டுப் பாத்தா அது படமாக்கா? ஒழியட்டும்" என்று சிரித்தவன்தான் உன் மாமாவும். அந்தக் கேசட் கடைக்காரருக்கும் ஓர் அக்கா இருந்திருப்பாள். ஒன்று வந்து ஒன்றைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது, அதை நீயும் நானும் நிறுத்த முடியாது. தள்ளப்போகிறது என்று தெரிந்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்து துணி பொறுக்கிக்கொண்டிருந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ரகசியத்தை முழுசாகவாவது காத்தேனா என்றால் அதுவும் இல்லை. ஓய்வுபெற்ற எங்கள் வாத்தியார் கூட்டத்தில் ஒவ்வொருவரும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு நாக்கு துறுதுறுத்தது. படத்தின் பெயரைச் சொல்லவில்லை, அதுவரைக்கும் புத்தி இருந்தது. "அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் யாரும் வேற வேலை வெச்சுக்காதீங்க, எங்க வீட்ல ஒரு அதிசயம் இருக்கு, எல்லாம் என் பொண்ணு உபயம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். தம்பிக்குச் சொல்லாததைத் தெருவுக்கு ஜாடையாகச் சொன்னேன்.

வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்னால் உங்கள் அறிவிப்பு வந்தது. உன் மாமா போன் செய்து, "அக்கா, விநியோகஸ்தர் போனையே எடுக்க மாட்டேங்கறாருக்கா" என்றான். நான் "அப்படியா, ஐயோ" என்றேன், இப்போதுதான் கேள்விப்படுகிறவள் மாதிரி. "பரவால்ல, பெரிய திரையில பாக்கறதுக்குன்னு ஒரு கூட்டம் இருக்கு, வரும்" என்று அவனே தனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டான். போனை வைத்ததும் அப்பா, "வெள்ளிக்கிழமை கூட்டத்த நிறுத்திரு" என்றார். நான் கேட்கவில்லை. வரப்போகிறவர்கள் எல்லாம் முட்டிவலிக்காரர்கள், அவர்கள் தியேட்டர் படி ஏறுகிறவர்களா, நம் வீட்டில் பார்ப்பதால் அவனுக்கு என்ன நஷ்டம் என்று வாதாடினேன். தப்பான விடைக்கு அழகாக வழிமுறை எழுதுகிற பிள்ளைகள் உண்டு. நான் அப்படி எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீடு நிறைந்துவிட்டது. அப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக் கொடுத்தார், நான் ஜன்னல் திரைகளை இழுத்து மூடினேன், வாசலில் செருப்பு வைக்க இடமில்லாமல் தெரு வரைக்கும் போயிற்று. முன்வரிசையில், நல்ல நாற்காலியில், முக்காலிமேல் காலை நீட்டிக்கொண்டு யார் தெரியுமா? உன் மாமாவின் மாமியார். "மாப்பிள்ளை தியேட்டர்ல நான் போய் உக்காந்தா இடைவேளைல முறுக்குக்குக்கூடக் காசு வாங்க மாட்டாங்க, எனக்குத்தான் சங்கடம். இங்கன்னா நிம்மதி" என்று அவர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தோம். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

தியேட்டரில் அன்றைக்கு மேட்னி ஷோவுக்கு ஆளே சேரவில்லை. வந்திருந்த சிலருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டு, உன் மாமா ஒரு வாய் காபி குடித்துப் போகலாம் என்று நம் வீட்டுக்கு வந்திருக்கிறான். வந்து பார்த்தால் பட்டப்பகலில் ஜன்னலெல்லாம் மூடியிருக்கிறது, வாசல் கொள்ளாமல் செருப்பு கிடக்கிறது, பேச்சுச் சத்தமே இல்லை, படத்தின் சத்தமும் மூடிய ஜன்னலைத் தாண்டி வெளியே வரவில்லை. அவன் என்ன நினைத்திருப்பான் சொல். அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அவனுக்கு அந்தப் பயம் உண்டு. "அக்கா! அத்தானுக்கு என்னாச்சு?" என்று அலறிக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தான். முகமெல்லாம் வேர்வை. அப்பா பின்வரிசையிலிருந்து எழுந்து நின்றார். உன் மாமா அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். சுவரில் அவன் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மாமியார் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

அவன் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வாசல் வரை திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். ஜன்னல் திரை ஓரத்தில் வெளிச்சம் விழுந்து படத்தின் ஒரு மூலை வெளுத்துத் தெரிந்தது, அதை இழுத்துச் சரியாக மூடினான். பிறகு பின்சுவரில் சாய்ந்து, தன் தியேட்டரில் நிற்பானே அதேபோல், படத்தைப் பார்க்காமல் பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். எங்கள் டிராயிங் மாஸ்டர் வெள்ளந்தி மனுஷர். அவர் திரும்பி, "டீச்சர் அப்பவே சொல்லிட்டாங்க சார், இந்த வெள்ளிக்கிழமை ஒரு அதிசயம் இருக்குன்னு. போன மாசமே சொல்லிட்டாங்க" என்றார். உன் மாமா தலையை ஆட்டினான். "நல்ல கலெக்‌ஷன்க்கா" என்று என்னிடம் சொன்னான். "ஹவுஸ்புல் போர்டு வேணுமா? என்கிட்ட சும்மாதான் கெடக்கு, அனுப்பி வைக்கறேன்." எல்லோரும் ஹாஸ்யம் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவன் மாமியார் சிரித்ததுதான் எல்லாவற்றிலும் சத்தமாகக் கேட்டது.

காபியைத் தொடவில்லை. நானும் அப்பாவும் வாசல் வரை போனோம். அத்தனை செருப்புக்கும் நடுவில் தன் செருப்பைத் தேடிக்கொண்டே, நிமிராமல் கேட்டான். "பொண்ணு அங்கதானக்கா வேலை செய்யறா. இது உனக்கு முன்னாடியே தெரியுமா?" அந்த இடத்தில் ஒரு வார்த்தை "தெரியும்டா" என்று சொல்லியிருக்கலாம். "எனக்கு என்னடா தெரியும், அவ ஆபீஸ் விஷயத்தையெல்லாம் நம்மகிட்ட எங்க சொல்றா" என்றேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள உன்னைக் கல்மனசுக்காரி ஆக்கினேன். எல்லாவற்றையும் ஓடிவந்து என்னிடம் சொல்கிற பெண்ணை, வீட்டில் எதையும் சொல்லாதவள் என்று உன் மாமாவிடமே சொன்னேன். அப்பா பக்கத்தில் நின்றார், நீ போனில் சொன்னது அன்றைக்கே அவர் காதிலும் விழுந்ததுதான், அவருக்கு எல்லாம் தெரியும், கீழே கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் மாமா போன பிறகு நான் உள்ளே வந்து மிச்சப் படத்தைப் பார்த்தேன். என்ன கதை என்று இன்றைக்கு யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள். குடோன்காரர்கள் அதற்குள் தெருவின் மறுகோடியில் வேறொரு கட்டடத்தைப் பார்த்துப் பொருட்களை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் நீலம் என்று சொல்லாமல் பொறு என்று சொல்லியிருந்தால் அவர்கள் இன்றைக்கு உன் மாமாவின் கட்டடத்தில் இருந்திருப்பார்கள். உன் மாமா அதற்குப் பிறகு நம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு, மாமாவிடம் உண்மையைச் சொல்லலாமா, உன் வேலைக்கு ஆபத்து வருமா, நீ சரி என்றால் சொல்கிறேன் என்று உன்னைக் கேட்டு முடிப்பதாகத்தான் நேற்று நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. பொய்யைச் சொன்னபோது உன்னைக் கேட்காதவள், நிஜத்தைச் சொல்ல மட்டும் உன் அனுமதி கேட்பதா? கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு இன்று காலை தியேட்டருக்குப் போனேன். அப்பா "நானும் வரேன்" என்றார், வேண்டாம் என்றேன்.

பக்கத்துக் கதவு மட்டும் திறந்திருந்தது. தின்பண்டக் கடையின் ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். உள்ளே ஒரே ஒரு குழல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சீட்டெல்லாம் நீலமாக, கடைசி வரிசைகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. சுவரோரம் ஏணிமேல் ஆபரேட்டர் புது ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தார், உன் மாமா கீழே ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். தனியாகப் பேச வேண்டும் என்றேன். "ஏணிய விட்டா இவர் விழுந்துருவார். இங்கயே சொல்லுக்கா, அவருக்குக் காதும் மந்தம்தான்" என்றான். நின்றபடியே சொன்னேன். தேதி எனக்கு முன்பே தெரியும், அவன் துணியோடு வந்த அன்றைக்கே தெரியும், வாசலில் அவன் கேட்டபோது பொய் சொன்னேன் என்று வரிசையாகச் சொன்னேன். மேலே ஸ்க்ரூ திருகுகிற சத்தம் நின்றுவிட்டது. உன் மாமா மேலே பார்த்து, "நீங்க கழட்டுங்கண்ணே, நீங்க ஏன் நிறுத்தறீங்க" என்றான். ஏணியைப் பிடித்தபடியே என்னிடம், "அன்னிக்கே சொல்லியிருந்தா இத மாட்டியே இருக்க மாட்டேன்" என்றான். பயப்படாதே, உன் வேலைக்கு ஒன்றும் வராது, "நான் யார்கிட்டப் போய்ச் சொல்லப்போறேன்" என்று அவனே சொல்லிவிட்டான்.

பிறகுதான் கேட்டான். "நான் இந்தப் படத்த எடுத்திருக்கேன்னு அவளுக்குத் தெரியுமா?" நான் உடனே, தெரியாதுடா, சத்தியமாகத் தெரியாது என்றேன். அவன் ஏணியை விடாமல் முகத்தை மட்டும் திருப்பி, "இது நெசமாவே தெரியாதா, இல்ல வாசல்ல வெச்சு சொன்னியே, அந்தத் தெரியாதா?" என்றான். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஒருமுறை காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளை, அடுத்த பரீட்சையில் சொந்தமாகவே நன்றாக எழுதினாலும் அந்தத் தாளை நான் சந்தேகத்தோடு திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். "நானே எழுதினது டீச்சர்" என்று என் மேஜைக்கு முன்னால் நின்ற பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். "சரிக்கா, வெயில் ஏறறதுக்குள்ள கிளம்பு. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராத" என்றான். வந்துவிட்டேன்.

அதனால் இப்போது உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ மாமாவுக்கு ஒரு கடிதம் எழுது. மெசேஜ் வேண்டாம், கைப்பட எழுது. உனக்கு என்ன தெரியும், எப்போது தெரியும், என்ன தெரியாது என்று உள்ளது உள்ளபடி எழுது. அம்மா பாவம், வயசாகிவிட்டது, உன்மேல் ரொம்பப் பாசம் என்றெல்லாம் எனக்காக ஒரு வரிகூடச் சேர்க்காதே. அவன் என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் அவன் இஷ்டம், அதற்கு நான் காத்திருக்கிறேன். ஆனால் தன் மருமகளும் தெரிந்தேதான் அந்தத் தேதியைப் போட்டாள் என்று அவன் ஒரு நாள்கூட நினைக்கக்கூடாது. நான் சொன்னால் அது இப்போது செல்லாது. நீ சொன்னால் செல்லும். கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, பிள்ளைக்குப் பெற்றவள் சாட்சி சொல்வதுதான் முறை, நம் வீட்டில் தலைகீழாகிவிட்டது.

குளிர் அதிகம் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. உன் வேலையை நினைத்துக் குற்றமாக எதுவும் எடுத்துக்கொள்ளாதே, அதை நீ நேர்மையாகத்தான் செய்தாய். நோய்நொடி அண்டாமல், நல்ல மனிதர்கள் சூழ, யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசும்படி நீ வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம்.

மாமாவுக்கு எழுதும்போது தியேட்டர் விலாசம் போடாதே. அங்கே இனிமேல் தபாலை யார் வாங்குவார்கள் என்று தெரியவில்லை. வீட்டு விலாசத்துக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா